எருக்கம்பட்டுப் பாலத்தின் தாங்கும் திறன்

எருக்கம்பட்டுக்குப் பாலம் இல்லை என்று ஜனங்கள் கைநாட்டு வைத்துக் கொடுத்த மனுவை, கர்ணம் ஆதிநாராயணன் அந்தப் பாலத்தின் மேல் நடந்து வந்துதான் வாங்கிக்கொண்டு போனார். 1955, ஆவணி மாதம், புதன்கிழமை, காலை பத்து மணி. ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கர்ணம் எதிர்க்கரையில் குடையை விரித்தார், கரை மட்டத்திலேயே வெறும் காற்றில் காலை வைத்தார், வெற்றிலையை மென்றுகொண்டே வந்தார். நடு ஆற்றில் நின்று ஒருமுறை துப்பினார். துப்பியது தண்ணீரில் விழுந்தது, அவர் விழவில்லை. மனுவில் முதல் கைநாட்டு பழனியுடையது, அடுத்தது அவன் பெண்சாதி கன்னியம்மாளுடையது. கர்ணம் இரண்டையும் முகர்ந்து பார்ப்பதுபோல் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“பாலம் இருக்குது. ஃபைல் தெலுங்குல இருக்குது. நீங்கல்லாம் அரவம் பேசறவங்க, உங்களுக்கு எப்டித் தெரியும்?” என்றார். அந்தப் பக்கத்தில் தமிழை அப்படித்தான் சொல்வார்கள்.

“அய்யா, நான் எதுவுமே படிக்கல. எனக்கு ரெண்டு பாஷையிலயும் தண்ணிதான் தெரியுது” என்றாள் கன்னியம்மாள்.

பாலத்தின் சரித்திரம் சின்னது. ஆந்திர மாநிலம் பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தபோது, பிச்சாட்டூர் சந்தைக்கும் புத்தூர் ரோட்டுக்கும் போகிற ஜனங்கள் கழுத்தளவு தண்ணீரில் போகிறார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் மேலிடத்தில் சொல்ல, பாலத்துக்கு உத்தரவாயிற்று. உத்தரவான பிறகுதான் ஆபீசில் யோசித்தார்கள். எருக்கம்பட்டு தமிழ் பேசுகிற ஊர். எல்லைத் தகராறு தீர்ந்தால் மெட்ராஸ் பக்கம் போனாலும் போய்விடும். போகிற ஊருக்கு எதற்குக் கட்ட வேண்டும்? போகாமல் இங்கேயே இருந்தால் பிறகு நிதானமாகக் கட்டிக்கொள்ளலாம், எதற்கு இப்போதே கட்ட வேண்டும்? இரண்டு வழியிலும் கணக்கு ஒரே இடத்தில் வந்து நின்றது. ஆகவே பாலத்தைக் கட்டவில்லை, முடித்தார்கள். சிமெண்ட், காண்ட்ராக்டர் உமாபதியின் புத்தூர் வீட்டுக்கு மாடியாயிற்று. கம்பிகள் ஓவர்சீயர் வீட்டு ஜன்னலுக்குப் போயின. கருங்கல் கர்ணத்தின் மாட்டுக்கொட்டகையில் தரையாகி, அவருடைய எருமைகள் அந்த ஜில்லாவிலேயே வழுக்காமல் படுக்கிற எருமைகள் என்று பெயர் எடுத்தன. மிச்சத்தில் பிச்சாட்டூர் பங்களாவில் திறப்பு விருந்து நடந்தது. ஆட்டுக்கறி, வடை, பாயசம், திருப்பதியிலிருந்து கூடையில் வந்த லட்டு. எருக்கம்பட்டிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை, ஆறு குறுக்கே இருக்கிறதே என்ற அக்கறையினால்.

விருந்து முடிந்த மறுநாள் உமாபதி பேச்சு மும்முரத்தில் கரையைத் தாண்டி ஆற்றின் மேல் இருபது அடி நடந்துவிட்டார். கீழே பார்த்தார், தண்ணீர் தெரிந்தது. வேறு ஒருவராயிருந்தால் அலறியிருப்பார். உமாபதி தொழில் தெரிந்தவர், உட்கார்ந்து முழம்போட்டு அகலத்தை அளந்தார். எஸ்டிமேட்டில் எழுதியதற்கு ஓரடி குறைந்தது. ஓவர்சீயர் தனக்குத் தெரியாமல் தனியாக ஓரடி சாப்பிட்டிருக்கிறார் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மிகவும் வருத்தப்பட்டார். அவருக்கு நம்பிக்கைத் துரோகம் பிடிக்காது.

அன்று முதல் சிப்பந்திகள், அவர்களுடைய வண்டி, பெட்டி, குடை எல்லாம் ஆற்றின் மேல் போய்வந்தன. கீழே ஜனங்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் போனார்கள். கத்தரிக்காய்க் கூடையோடு சந்தைக்குப் போகும் கன்னியம்மாள், தலைக்கு மேலே செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்த்து, “ஆகாசத்துப் பெருச்சாளி போவுது பாரு” என்று உரக்கச் சொல்வாள். மேலே போகிறவர்கள் உயரத்தின் காரணமாகக் காதில் வாங்குவதில்லை. பாலத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தது செல்லியம்மா. அவள் விருந்தில் பாத்திரம் கழுவியவள், உப்புப் பார்க்க ஒரு கை குழம்பு நக்கியவள். ஏதோ தைரியத்தில் காலை வைத்தாள், எட்டடி போனாள், ஒன்பதாவது அடியில் தொபுக்கென்று விழுந்தாள். கரையேறி முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். “துன்னவங்களத்தான் தாங்குது. எவ்ளோ துன்னமோ அவ்ளோ தூரம்.” ஊர் அதைக் கேட்டுக்கொண்டது, சந்தேகம் தீர்ந்த முகத்தோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் பழனி ஏற்றத்தின் கயிற்றை அவிழ்க்க ஏறி வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. கால் புதிதாக ஒரு முட்டி வாங்கிக்கொண்டது போல நடுவில் மடிந்து கிடந்தது. எலும்பு கட்டுவதற்குப் புத்தூரை விட்டால் வேறு இடம் அந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியாது, புத்தூரோ ஆற்றுக்கு அந்தப்புறம். ஆற்றில் வெள்ளம் இரண்டாள் ஆழம் போய்க்கொண்டிருந்தது. பதினைந்து நாளைக்குள் கட்டாவிட்டால் எலும்பு கிடந்த வாக்கிலேயே கூடிவிடும், பிறகு பழனி ஏர் பிடிக்க மாட்டான், ஏற்றம் மிதிக்க மாட்டான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கன்னியம்மாள் சுவரில் தினம் ஒரு கரிக்கோடு போட்டாள். கோட்டைப் பார்க்க வேண்டாமென்று பழனி எதிர்ச் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிப் படுத்தான். நான்காவது கோட்டில் உமாபதி ஊருக்குள் வந்தார், நனையாமல். கன்னியம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

“பாலத்துல போவ வாணாம்னு நான் சொன்னனா? கதவு போட்டு வெச்சிருக்கனா?” என்றார் அவர்.

“தாங்கலியே, சாமி.”

“துன்னா தாங்கும். இந்தச் சட்டத்த நானா போட்டேன்? விசாரணைக்கு ஒருத்தர் வராரு. பாலம் நல்லா கீதுன்னு அவராண்ட சொல்லு. மிச்சத்த அப்பால பேசிக்கலாம்.”

“வர்றவரு வந்து அவரே பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டு கன்னியம்மாள் வந்துவிட்டாள். மனு மேலே போய் ஓர் அதிகாரியைக் கிளப்பியிருக்கிறது என்ற சேதி அவளுக்கு வெல்லம்போல இருந்தது.

விசாரணை அதிகாரி கங்கையா ஒன்பதாவது கோட்டில் வந்து சேர்ந்தார். வேலையில் பத்தொன்பது வருஷம். சோற்று மூட்டையும் தண்ணீர்ச் சொம்பும் வீட்டிலிருந்தே எடுத்துவருகிறவர், போகிற இடத்தில் மோர்கூடக் குடிக்காதவர். அந்த ஒரு காரணத்தினால் அவரை எந்த ஆபீசிலும் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. எதிர்க்கரையில் நின்று, பாலம் எங்கே என்று கேட்டார். சிப்பந்திகள் பதினேழு பேர் வரிசையாக ஆற்றின் மேல் நடந்து இக்கரைக்கு வந்து, திரும்பி நின்று, “ரண்டி சார், ரண்டி” என்று உபசாரமாகக் கூப்பிட்டார்கள். ஒரு பியூன் நடுவில் நின்று குதித்தே காட்டினான். இக்கரையில் ஊரே கூடியிருந்தது. கன்னியம்மாள் வாயில் துணியை வைத்துக்கொண்டு நின்றாள். கங்கையா கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். எதையும் நேரில் சோதிக்காமல் எழுதுவதில்லை என்பது அவருடைய விரதம். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு வலது காலை முன்னே வைத்தார்.

இரண்டு பர்லாங்கு தள்ளி ஒரு தாழம்புதர் அவரைப் பிடித்து வைத்திருந்தது. உயிருக்குச் சேதமில்லை. “பாலம் இல்லை” என்று ஈரத் தாளில் இரண்டே வார்த்தைகளில் அறிக்கை எழுதினார். மேலிடத்தில் அதைக் கவனமாகப் படித்தார்கள். பதினேழு பேர் நடந்திருக்கிறார்கள், ஒருவர் விழுந்திருக்கிறார், பழுது பாலத்திலா ஆளிலா என்று கேட்டுக் குறிப்பெழுதி, கங்கையாவைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பரிசோதனையில் கண் நன்றாக இருந்தது தெரிந்து, அதற்காகவே அவரை ரயில் போகாத ஊருக்கு மாற்றினார்கள். அதிகாரி விழுகிற அளவுக்கு வெள்ளத்தில் பாலம் சேதமாகியிருக்கலாம் என்று, பழுது பார்க்க உடனே பணம் ஒதுக்கினார்கள். பாலம் கட்டச் சொன்ன மனு மேலே போக இரண்டு மாதம் பிடித்தது. இல்லாத பாலத்தைப் பழுது பார்க்கும் உத்தரவு மூன்றே நாளில் இறங்கி வந்தது.

பதின்மூன்றாவது கோடு போட்ட அன்று காலை, கர்ணம் புளியமரத்தடியில் கூலிப் பட்டியலை விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் அரிசி மூட்டை. பாலத்தைப் பழுது பார்க்கக் கல் சுமந்ததாகக் கைநாட்டு வைத்தால் தலைக்கு இரண்டு படி அரிசி. முதலில் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு செல்லியம்மா போனாள், எட்டடி போனவளுக்கு மிச்சத்தையும் பார்க்க ஆசை இருக்காதா. அவளுக்குப் பின்னால் நாலு பேர், அப்புறம் பத்துப் பேர். கன்னியம்மாள் வீட்டுக்குள் வந்து கட்டிலருகே நின்றாள்.

“அந்த அரிசி ஊட்டுக்குள்ள வந்துச்சின்னா நான் வெளிய பூடுவேன்” என்றான் பழனி.

“நீ எங்கயா போவப்போற? கால் இருந்தா நான் ஏன் அந்தாளாண்ட போய் நிக்கறேன்?”

“அந்த நல்ல மனுசன் தண்ணில போனாரே, மே. நம்ம மனுவுக்குத்தான வந்தாரு. இப்ப நீ போயி கல்லு செமந்தேன்னு ரேகை வெச்சா, அவரு பொய் சொன்னாருன்னு ஆவாதா?”

“அவருக்கு ரெண்டு காலும் கீதுய்யா” என்றாள் கன்னியம்மாள்.

அவள் வெளியே போனாள். கர்ணம் அவள் கட்டைவிரலைத் தானே பிடித்து மையில் ஒற்றி, “எத்தன நாள் செமந்த?” என்று கேட்டார். அவரே ஆறு நாள் என்று எழுதி, படி அளந்து போட்டார். அளவிலும் கால்படி குறைந்தது. அதைப்பற்றி அவள் கேட்கவில்லை, கேட்கிற வாய் அந்தக் கைநாட்டோடு போய்விட்டிருந்தது. மத்தியானம் அடுப்பில் கஞ்சி கொதித்தது. தன் பங்கை முதலில் நின்றவாக்கிலேயே குடித்தாள். பழனிக்குக் கொடுக்கும்போது, பக்கத்து வீட்டு மணியம்மாவிடம் கேழ்வரகுக்கு மாற்றி வாங்கிவந்த அரிசி என்றாள். அவன் பசியில் குடித்தான், இன்னொரு கிண்ணமும் கேட்டான்.

மறுநாள் காலை கயிற்றுக் கட்டிலோடு நாலு பேர் தூக்கினார்கள். செல்லியம்மா முன்னால் போய்க் காலால் தட்டித் தட்டிப் பார்த்து, “வா வா, கெட்டியாத்தான் கீது” என்று குரல் கொடுத்தாள். கட்டில் ஆற்றின் மேல் வந்தது. பழனி மல்லாந்து கிடந்தவன் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கயிற்றின் சந்து வழியாகப் பார்த்தான். கீழே செந்நிறமாக வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு முழு வாழைமரம் உருண்டு போயிற்று. தூக்குகிறவர்களில் ஒருவன் பயந்து சாமி பேரைச் சொன்னான்.

“ஏமே, நேத்து கஞ்சி எந்த அரிசில காச்சின?” என்று பழனி கேட்டான்.

கன்னியம்மாள் கட்டிலைப் பிடித்தபடி நாலைந்து அடி நடந்தாள். “வெந்த அரிசிலதான்” என்றாள்.

புத்தூரில் எலும்பைக் கட்டியபோது பழனி வலிக்குக்கூடக் கத்தவில்லை. கட்டியவர், கெட்டிக்காரன், நல்ல சமயத்தில் வந்தாய் என்று அவன் முதுகில் தட்டினார். கால் நேராகக் கூடிற்று. மாசி மாதம் பழனி கோலில்லாமல் நடந்தான். நடந்த முதல் நாளே ஆற்றுக்குப் போனான், தண்ணீரில் இறங்கி அக்கரை போவதென்று. கரையிலிருந்து காலைக் கீழே வைத்தான், கீழே போகவில்லை. பத்தடி தள்ளிப்போய் இறங்கினான், பாலமும் பத்தடி தள்ளி வந்து காலடியில் நின்றது. ஓடிவந்து குதித்தான். சாணம் மெழுகிய தரையில் குதித்ததுபோல முழங்கால்தான் நோகிற்று. தாழம்புதர் வரை நடந்து நடந்து பார்த்தான். அந்த ஆற்றில் குளிக்கக்கூட அவனால் முடியாமல் போயிற்று. கன்னியம்மாள் குடத்தில் மொண்டு வந்து கரையில் வைத்தாள். அவன் கரையில் உட்கார்ந்து ஊற்றிக்கொண்டான்.

அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் பழுது பார்ப்பு நடந்தது. எருக்கம்பட்டில் கூலிப் பட்டியலில் பெயர் எழுதாத வீடு இல்லை. 1960-இல் எல்லை முடிவாகி, கோடு சரியாக நடு ஆற்றில் விழுந்தது. எருக்கம்பட்டு மெட்ராஸ் பக்கம், எதிர்க்கரை ஆந்திரப் பக்கம். சொத்துக்களைப் பிரிக்க இரண்டு பக்கத்து அதிகாரிகளும் வந்தார்கள். ஏரியில் சண்டை, புளியமரத்தில் சண்டை, பள்ளிக்கூடத்து நாற்காலி மூன்றில் சண்டை. பிறகு இரண்டு கட்சியும் பங்களாவில் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் பாலத்துக்கு வந்தன. பாலம் எல்லாரையும் தாங்கிற்று, பாஷை பார்க்கவில்லை. நடுவில் சுண்ணாம்பில் ஒரு கோடு கிழித்தார்கள். சுண்ணாம்பு தண்ணீரில் விழுந்தது. ஆளுக்குப் பாதி பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அதன்பிறகு பழுது பார்ப்பும் ஆளுக்குப் பாதியாக, இரண்டு ஆபீசிலிருந்தும் வந்தது.

பழனி இன்னொரு மனு எழுத வைத்தான். பாலம் இல்லை என்று கைநாட்டு வைக்க ஊரில் ஆள் கிடைக்கவில்லை, அவன் ஒருவனே வைத்தான். மனுதாரர் மனுவைக் கொடுக்கப் பாலத்தின் மேல்தான் வந்தார் என்று விசாரணையில் தெரியவந்ததால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது என்று இரண்டு பாஷையிலும் பதில் வந்தது.

1961, ஐப்பசி, வெள்ள நாளில், கன்னியம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாட்சாயணி என்று பெயர் வைத்தார்கள். ஆற்றங்கரையில் பிறந்த குழந்தை, நாளைக்குக் காய்ச்சலென்றாலும் கையொடிந்தாலும் அக்கரை போக வேண்டும். அந்த ஊர் வீடுகளில் அதற்குள் ஏற்பட்டிருந்த வழக்கப்படி, செல்லியம்மா சர்க்கரைத் தண்ணீரில் பழுது பார்ப்பு அரிசியிலிருந்து ஒரு மணியை வேகவைத்து நசுக்கிக் கரைத்துக்கொண்டு வந்தாள். குழந்தை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அழுதது, இரண்டு தரம் துப்பியது. கன்னியம்மாள் புருஷனைப் பார்த்தாள். பழனி கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான். மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் கன்னத்தை மெதுவாக அழுத்தி, குழந்தையின் வாயைத் திறந்து பிடித்தான்.