பதினேழு வலது தாடைகள்

ரெக்கார்ட் நோட்டைப் பேராசிரியர் விசிறி எறியவில்லை. எறிந்திருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாகவாவது இருந்திருக்கும். ஈரமான எதையோ ஒதுக்குவதுபோல இரண்டு விரலால் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"மேஃப்ளை பூஜ்யம்னு எழுதியிருக்கீங்க. மத்த இருபத்திமூணு பேருக்கும் முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்தொண்ணு. உங்களுக்கு மட்டும் பூஜ்யம். ஓடைக்குப் போனீங்களா, இல்ல வீட்டுல உக்காந்தே எழுதிட்டீங்களாம்மா?"

போனதாக அவள் சொன்னாள். அப்படியானால் அந்தப் பூச்சிகள் இவள் வரப்போவதை அறிந்து குடிபெயர்ந்துவிட்டனவா என்று அவர் கேட்டார். அறையின் மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் சிரித்தார். வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு, இன்று புதன். கையெழுத்தில்லாத நோட்டோடு தேர்வறைக்குள் விடமாட்டார்கள் என்பதையும் அவர் நினைவூட்டினார்.

அவளுக்கு அதை யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. முப்பத்துநான்கு வயதில், நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஓராண்டு படிப்பு விடுப்பில் வந்தவள் அவள். தேர்ச்சி பெற்றால் பரிசோதகர் வேலை. தவறினால் பதினோரு ஆண்டு கழுவிய அதே குப்பிகளை மறுபடி கழுவ வேண்டும். இரண்டாம் விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வகுப்பில் எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். அந்த அழைப்பில் மரியாதை கால் பங்கு, மற்றது கேலி.

மேஃப்ளையின் குஞ்சு நல்ல தண்ணீரில், கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டு வாழ்வது. மூன்று வால் இழைகள், விலாவில் இலைபோன்ற செவுள்கள். அது நிறைய இருந்தால் ஓடை நலம். ஒன்றுகூட இல்லையென்றால் மேலே எங்கோ யாரோ எதையோ கலந்துவிட்டார்கள். நன்னீர் உயிரியலின் முதல் பாடமே இதுதான். ஆகவே அவளுடைய பூஜ்யம் வெறும் எண்ணன்று. ஓடையின் மீது ஒரு குற்றச்சாட்டு. ஆனால் வெள்ளைத் தட்டில் ஊற்றி, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்து, மூன்று முறை எண்ணியும் அன்று பூஜ்யம்தான் வந்தது. கண்டதை எழுதினாள்.

வெளியே வராந்தாவில் ஜமீன் நின்றான். களப்பணியில் அவளுடைய ஜோடி அவன். ஓடையில் கால் நனைக்காமல் கரையில் நின்றபடியே ஆணையிட்டதால் வகுப்பு அவனுக்கு அளித்த பட்டம் அது. அவனுடைய நோட்டில் கையெழுத்து விழுந்துவிட்டது. மேஃப்ளை முப்பத்தொன்பது.

ஒரே வலை, ஒரே குப்பி, அவனுக்கு மட்டும் முப்பத்தொன்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

"போன வருஷ ரெக்கார்ட்ல இருந்துதான் அக்கா. எல்லாரும் அதத்தான் எழுதினோம். அப்படியே எழுதினா மாட்டிக்குவோம்னு ஆளுக்கு ஒண்ணு ரெண்டு கூட்டிக் குறைச்சோம். நீங்கதான் நெஜமாவே எண்ணிட்டு இருந்தீங்க."

ஈயடிச்சான் காப்பியில்கூட ஈ அடிக்கும் உழைப்பாவது உண்டு. அங்கேயே நின்றால் கத்திவிடுவோம் என்று அவள் ஆய்வகத்துக்குப் போனாள். அலமாரியில் அவளுடைய குப்பி இருந்தது. பென்சிலால் எழுதிய சீட்டு உள்ளே ஸ்பிரிட்டில் மிதந்தது.

பிடித்த உயிர்களைப் பிடித்த இடத்திலேயே கொன்று பதப்படுத்த வேண்டிய அந்த ஸ்பிரிட்தான் எல்லாவற்றுக்கும் மூலம். களத்துக்கு அதை எடுத்துவர வேண்டியவன் ஜமீன், மறந்துவிட்டு வந்தான். ஒரு ராத்திரிதானே அக்கா, ஓடியா போயிடும் என்றான். அவளும் ஒப்புக்கொண்டாள். பதினோரு ஆண்டு தண்ணீரையே குப்பியில் பிடித்தவள். தண்ணீர் ஒரு ராத்திரியில் தன்னைத்தானே தின்றுவிடாது. பிடித்த உயிரெல்லாம் ஓடை நீரோடு ஒரே குப்பியில் அவள் வீட்டுக்கு வந்தன. ஆய்வகம் பூட்டியிருந்ததால் குளியலறை ஜன்னலில் வைத்தாள். பல் துலக்க வந்த நாத்தனார் குப்பியைப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதுல தடியா மூணு இருக்கே, அது மத்தத எல்லாம் மொறைச்சுக்கிட்டே நிக்குது. உங்க அண்ணன் தம்பி மூணு பேரும் பந்திக்கு உக்காந்த மாதிரி" என்றாள். பிறந்த வீட்டைச் சொன்ன கடுப்பில், பூச்சிக்கு ஏது முறைப்பு என்று இவள் வெட்டிவிட்டுப் போனாள். ஆய்வகம் திறந்த பிறகுதான் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றினாள்.

இப்போது குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள். தடித்த மூன்றும் தட்டானின் குஞ்சுகள். மூன்றின் வயிறும் புடைத்திருந்தது.

பேராசிரியர் மீதும் ஜமீன் மீதும் பங்குபோட்டு வைத்திருந்த கோபத்தில் பெரிய பங்கு அவளிடமே திரும்பி வந்தது. தட்டான் குஞ்சு வேட்டையாடும் என்பது இரண்டாம் வாரப் பாடம். கோடிட்டுப் படித்திருந்தாள், தேர்வில் கேட்டால் முழு மதிப்பெண் எழுதியிருப்பாள்.

முதல் குஞ்சைத் தட்டில் கிடத்தி, ஊசியால் வயிற்றை நீளவாக்கில் பிளந்து, குடலைக் கண்ணாடித் தகட்டில் பரப்பினாள். மைக்ரோஸ்கோப்பில் வால் இழைத் துண்டுகள், செவுள் கிழிசல்கள், கால் நகங்கள் தெரிந்தன. எல்லாம் மேஃப்ளை. ஆனால் துண்டுகளை எண்ணி ஆட்களைச் சொல்ல முடியாது. ஒன்றே பத்தாகத் தெரியும். தாடைகளை எடுத்தாள். ஒரு பூச்சிக்கு வலது தாடை ஒன்றுதான். அதை மட்டும் எண்ணினால் எதுவும் இரண்டு முறை கணக்கில் வராது. முதல் குடலில் ஏழு. இரண்டாவதில் நான்கு. மூன்றாவதில் ஆறு. நிமிர்ந்தபோது கழுத்து மரத்துப்போயிருந்தது.

நோட்டில் பூஜ்யத்தை அவள் அடிக்கவில்லை. அதன் கீழே எழுதினாள்: 'மாதிரி களத்தில் ஸ்பிரிட்டில் இடப்படவில்லை. வேட்டையாடும் உயிர்கள் பிரிக்கப்படவில்லை. பிழை என்னுடையது. தட்டான் குஞ்சுகளின் குடலில் மேஃப்ளையின் வலது தாடைகள் பதினேழு. ஆகவே, பிடிபட்டவை குறைந்தது பதினேழு.'

மறுநாள் காலை தகடுகளோடும் நோட்டோடும் பேராசிரியர் முன் நின்றாள். அவர் படித்தார். தகட்டைத் தூக்கி, மைக்ரோஸ்கோப் இல்லாமலே ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு இரக்கப்பட்டவர்போல முன்னால் சாய்ந்தார்.

"எதுக்கும்மா இந்த வம்பெல்லாம்? அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டு நாற்பதுன்னு எழுதிக் கொண்டாங்க. இப்பவே போட்டுத் தர்றேன். உங்களுக்கும் குடும்பம் இருக்கு, வேலை இருக்கு."

நேற்று அவர் அவளைப் பொய்க்காரியாக்கியபோது வந்த கோபம் இதன் பக்கத்தில் நிற்காது. நேற்று அவர் பொய்யை வெறுப்பவர் என்றாவது அவள் நம்பியிருந்தாள். குரலைத் தராசில் வைத்ததுபோல நிறுத்திக்கொண்டாள்.

"என் முதல் பக்கத்தப் படிச்சீங்களா சார்?"

அவர் படிக்கவில்லை. புரட்டினார். மாதிரி எடுக்கக் குறித்திருந்த பாலத்தின் கீழே கரையும் படுகையும் சிமெண்ட் பூசப்பட்டுவிட்டதால் வலை போட இயலவில்லை என்றும், இருநூறு அடி மேலே போய்க் கற்களைக் கிளறிப் பிடித்ததாகவும் அங்கே எழுதியிருந்தது, படமும் வரைந்திருந்தாள்.

"மத்த இருபத்திமூணு பேரும் பாலத்துக்குக் கீழ, கல்லுக்கு அடியில பிடிச்சதா எழுதியிருக்காங்க. அங்க கல்லே இல்ல சார். சிமெண்ட் போட்டு அஞ்சு மாசமாச்சு. அந்த இருபத்திமூணுலயும் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

தட்டச்சு ஓசை நின்றது. ஓடைக்கு மாணவர்களோடு அவரே போவதாகத்தான் பாடத்திட்டத்தில் இருந்தது. அவர் கடைசியாக எந்த ஆண்டு போனார் என்பதை அவள் கேட்கவில்லை.

"நாளைக்கு வெளியிலிருந்து வர்ற எக்ஸாமினர் முதல் பக்கத்திலிருந்து படிப்பார்னு நினைக்கிறேன்" என்றாள்.

அவர் பேனா மூடியைக் கழற்றினார். கையெழுத்து தாளைக் கிழித்துவிடும் போல விழுந்தது. நோட்டை, நேற்றுப்போலவே, இரண்டு விரலால் தள்ளினார்.

அவள் எடுக்கவில்லை.

"தேதி, சார்."

எழுதினார். அவசரத்தில் முந்தின நாள் தேதி விழுந்துவிட்டது.

"இன்னைக்கு வியாழன், சார். பன்னெண்டு."

பதினொன்றைப் பன்னிரண்டாகத் திருத்தினார். அவள் அப்போதும் நகரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தபோது, திருத்திய இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க ஒரு சின்னக் கையெழுத்து, சார்."