இரண்டாவது கிளாஸ்

கமாலுதீனுக்கு மாரடைப்பு வந்த அன்று பிடித்த பயம் ஹமீதாவை விடவே இல்லை. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்.

"ஹார்ட் நல்லா தேறிடுச்சும்மா. கிட்னிதான் முப்பது பெர்சன்ட்ல நிக்குது. இனிமே இவரு எத்தன வருஷம் இருப்பாருங்கறது அதப் பொறுத்துதான்."

ஹமீதாவின் காதில் ஹார்ட் மட்டும்தான் ஏறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனுஷனைக் கண்ணால் பார்த்தவளுக்கு, சத்தமே போடாத கிட்னி எங்கே நினைவில் நிற்கும்?

வீட்டில் உப்பு போயிற்று, கருவாடு போயிற்று. ஆட்டுக்கறி பெருநாளுக்கு மட்டும் என்றாயிற்று. லிட்டில் இந்தியா ஜவுளிக்கடையிலிருந்து பசியோடு வரும் கமாலுதீன் முணுமுணுத்துக்கொண்டே பத்தியச் சோற்றைத் தின்றார்.

பிரஷர் மட்டும் இறங்குவேனா என்றது. பாலிக் புலாவில் தோட்டம் வைத்திருக்கும் ஜெயராஜ், கமாலுதீனுக்குத் தம்பி மாதிரி. அவர்தான் பை நிறைய பெலிம்பிங் கொண்டுவந்தார். வெட்டினால் நட்சத்திரமாக விழுமே, அந்தப் பழம்.

"சாறு புழிஞ்சு அண்ணனுக்குக் குடுங்கக்கா. பிரஷருக்கு இதவிட மருந்து இல்லலா."

பினாங்கில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ஹமீதா தினமும் காலையில் ஒரு கிளாஸ் கொடுத்தாள். பிரஷரும் இறங்கியது. சந்தோஷம் தாங்காமல் சாயங்காலமும் ஒரு கிளாஸ் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை கமாலுதீனுக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை.

"யாரு என்னைய இப்படி விடாம நெனைக்கிறது?" என்று சிரித்தார். மறுநாள் மகள் ஐனாவைப் பார்த்து, நீ யாரு என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே பெலிம்பிங் சாப்பிட்டாரா என்றுதான். கிட்னி கெட்டவர்களுக்கு அது விஷமாம். மூன்றாம் நாள் கமாலுதீன் போய்விட்டார்.

ஜெயராஜுக்கு இது தெரியவே கூடாது என்று ஹமீதா ஐனாவிடம் சத்தியம் வாங்கினாள். பாசத்தோடு சுமந்து வந்த மனுஷன், தாங்கமாட்டார். தன்னோடு போகட்டும் என்று நினைத்தாள்.

புருஷன் போன பிறகு நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருப்பவள் வேற்று ஆண்கள் முன்னால் வரக்கூடாது. ஒரு மாதம் கழித்து ஜெயராஜ் வந்தபோது ஐனாதான் வாசலில் நின்று பேசினாள். ஹமீதா திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"அம்மாவுக்குக் கொஞ்சம் பழம் கொண்டாந்தேன் ஐனா. மிச்சத்த சிம்பாங் அம்பாட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். அங்க இருக்கற எம் மச்சானுக்கும் போன வாரம் ஹார்ட் அட்டாக். கிட்னியும் கொஞ்சம் வீக்காம். அண்ணனுக்குப் பிரஷர் எறங்குச்சே, அதான்."

சத்தியம் ஐனாவைக் கட்டிப்போட்டிருந்தது.

"தம்பி, அந்தப் பழத்த அவருக்குக் குடுக்காதீங்க," என்றாள் ஹமீதா, திரைக்குப் பின்னாலிருந்தே. "கிட்னி கெட்டவங்களுக்கு அது விஷம்."

"அப்போ அண்ணனுக்கு..."

"நான்தான் குடுத்தேன். ஒரு கிளாஸ்தான் நீங்க சொன்னது. ரெண்டாவது கிளாஸ் நானா குடுத்தது. உங்க மேல ஒண்ணும் இல்ல தம்பி."

பை தரையில் விழுந்து பழங்கள் உருண்டன. ஜெயராஜ் படியிலேயே உட்கார்ந்து அழுதார். எதிரே போய் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல ஹமீதாவுக்கு வழியில்லை. திரையைக் கையில் பிடித்தபடி அவளும் அழுதாள்.