வாழைக்காயை ஒதுக்கிய குரங்கு

மஹாளய அமாவாசையன்று டாக்குரியாவில் ஏழுமலை மொட்டைமாடியில் வைத்த சோற்றைத் தின்ன, காக்கைக்குப் பின்னால் ஒரு கீரியும், ஒரு ஆடும், இரண்டு தெருநாய்களும், கடைசியில் ஒரு குரங்கும் வரிசையில் நின்றன. ஒன்றையொன்று கடிக்கவில்லை. மீன்கடையில்கூட அந்த ஒழுங்கு கிடையாது.

அதற்கு முந்தைய வாரம்தான் அவர் மகள் தேவிப்ரியாவிடம், அவள் பாடம் நடத்தும் பள்ளியில், கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு மன்னிப்புக் கடிதத்தை நீட்டியிருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்; அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் மரபணு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று பத்தாம் வகுப்பில் சொல்லிவிட்டாள். மாணவி ஸ்னேகாவின் அப்பா, பாலிகஞ்ச் சிவராமகிருஷ்ணன், வங்கி அதிகாரி, நேரே வந்தார். "உங்க வம்சத்துல குரங்கு இருந்திருக்கலாம்மா. எங்களது ரிஷி கோத்திரம்" என்று தமிழில் சொன்னார், வங்காளித் தலைமையாசிரியைக்குப் புரியாதபடி. அந்த 'உங்க'வை அவள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். பூஜை விடுமுறைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை என்றது நிர்வாகம். "போட்டுட்டுப் போயேன். கை என்னா தேஞ்சா பூடும்?" என்றார் ஏழுமலை. குரங்கு தன் பாட்டனா என்று அவருக்கும் கோபம். காக்கையை அப்பா என்று கூப்பிட்டுச் சோறு வைப்பவருக்கு விளக்க அவளுக்குத் தெம்பில்லை.

குரங்கு தன் முறை வந்ததும் உட்கார்ந்து, வாழைக்காய்த் துண்டுகளைப் பொறுக்கி இலையோரம் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டது. மூன்று வருடம் முன்பு செத்துப்போன அவர் மனைவி அப்படித்தான் ஒதுக்குவாள். ஏழுமலை உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கையெழுத்துப் போடாத" என்றார். குரங்கு கை கழுவிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு நடந்து, லோக்கலில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான பாலிகஞ்சில் இறங்கியது. லேடீஸ் பெட்டியில் ஏறியதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

சாயங்காலம் சிவராமகிருஷ்ணன் போன் செய்தார். அவர் வீட்டு நாலாவது மாடி பால்கனியில் ஒரு குரங்கு, இலையைச் சுற்றி வலது கையால் நீர் விட்டுவிட்டுத்தான் சாப்பிட்டதாம், காலமான அவர் அப்பா மாதிரியே. விஷயம் தெரிந்தவள் என்று அவளைத்தான் கேட்கத் தோன்றியது போலும். "வாழைக்காயை மட்டும் தொடலை. எங்கப்பாவுக்கு அதுன்னா உசிரும்மா. ஏன்?"

அவரைக் கேட்கவென்று ஒரு வாரமாக அவள் சேர்த்துவைத்திருந்த வசவுகள் நிறைய. அலுப்பில் ஒன்றும் வரவில்லை. "எங்கம்மாவுக்கு ஆகாது சார். வாயு" என்றாள்.

அந்தப் பக்கம் பால்கனிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி. அடுத்த தடவை புடலங்காய் பண்ணச் சொல்றேன்" என்றார்.

கடிதத்தைப் பற்றி அதன்பின் பள்ளியில் யாரும் கேட்கவில்லை. அமாவாசைதோறும் குரங்கு சாப்பிட்டுவிட்டு லோக்கலில் போகிறது. இரண்டு வீட்டிலும் வாழைக்காய் வைப்பதில்லை.