பாதி தெரிந்த செய்தி

வெயில் தணியத் தொடங்கிய முதல் வாரம். காற்று துளியும் இல்லை; கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. அப்படியும் படகு ஓட்டும் என் வீட்டுக்காரர், "கடல் சரியில்ல, இன்னைக்குத் தொழிலுக்குப் போகல" என்றார்.

அவர் குளிக்கப் போனதும் அவருடைய போன் சிணுங்கியது. பூட்டிய திரையில் பாதிச் செய்திதான் தெரிந்தது: "இன்று மாலை 5.30 முதல் கள்ளக்..."

எனக்கு மண்டை சூடாகிவிட்டது. மீதி எழுத்து எதற்கு? அந்த வார்த்தை எப்படி முடியும் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஐந்து மணிக்கு அவர் கிளம்ப, பின்னாலேயே போனேன்.

படகுத்துறையில் ஒரு பெண்ணையும் காணோம். நாலைந்து ஆண்கள் படகுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். இவரும் போய்க் கயிற்றைப் பிடித்தார். அறிவிப்புப் பலகையில் சாக்பீஸால் முழுசாக எழுதியிருந்தது: "கள்ளக்கடல். தூரத்துப் புயலின் அலை, காற்றில்லாமலே கரையேறும். எச்சரிக்கை."

படித்து முடிப்பதற்குள் சத்தமில்லாமல் வந்த அலை முழங்கால்வரை ஏறி, என் ஒற்றைச் செருப்பைக் கொண்டுபோனது.

திரும்பிப் பார்த்தவர், "நீ எங்க இங்க?" என்றார்.

"கள்ளக்கடல் வருதுன்னு மெசேஜ் வந்துச்சே, அதான் பார்க்க வந்தேன்."

அவர் கயிற்றை விட்டுவிட்டார்.

"மெசேஜ் என் போனுக்குல்ல வந்துச்சு?"