லைலா பக்கத்துச் சுவர்

எங்க வீட்டுச் சுவரை லைலாதான் அழிச்சிக்கிட்டு இருந்தா. மூணு வருஷமா எனக்கு அதில துளி சந்தேகமில்லை.

குயின் ஸ்திரீட்ல அவ துணிக்கடைக்கும் எங்க வீட்டுக்கும் நடுவில ஒரே சுவர். நூறு வருஷத்துக்கு மேல பழசு. பாரம்பரியக் கட்டடம்னு பட்டியல்ல இருக்கு, இஷ்டத்துக்கு இடிச்சுக் கட்டவும் முடியாது. என் பக்கம் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, காரை பொலபொலன்னு விழுந்திச்சு. வெயில் காலத்திலயும் ஈரம்! பைப்பை ஒழுக விட்டு, நான் வெறுத்துப்போய் வித்தா வாங்கிக் கடையைப் பெருசாக்கலாம்னு பார்க்கிறா. பின்னே என்ன? ரெண்டு தடவை என் வாசல் வரைக்கும் வந்து, என்னைப் பார்த்ததும் திரும்பிட்டா. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? பெருநாளுக்கு அவ குடுத்தனுப்பின பலகாரத்தைக்கூட நான் வாங்கலை.

போன மாசம் நகராட்சியிலேருந்து கடிதம் வந்திச்சு. சுவரைச் சரிபண்ணணும், இல்லாட்டி வீட்டைக் காலிபண்ணணும். முப்பத்திரண்டு வருஷமா குடியிருக்கிற வீடு.

பழைய கட்டடம் பழுது பார்க்கிற புவனேஸ்வரனைக் கூப்பிட்டேன். வந்த ஆளு முதல்ல லைலா கடைக்குள்ள நுழைஞ்சு அரைமணி நேரம் கழிச்சுத்தான் வந்தாரு. சரிதான், இவரையும் கையில போட்டுக்கிட்டான்னு பல்லைக் கடிச்சேன்.

உளியால உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினாரு. ரோஸ், பச்சை, நீலம், மஞ்சள்... தீபாவளிக்குத் தீபாவளி நான் அடிச்ச எண்ணெய்ச் சாயம் ஏடு ஏடா வந்திச்சு. அதுக்கடியில என் புருஷன் பூசின சிமெண்டு. அதுக்கும் அடியில சுண்ணாம்பு, சொதசொதன்னு.

"அக்கா, தரையிலேருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புச் சுவர் அதை வெளிய விட்டுடும். நீங்க சிமெண்டும் சாயமும் போட்டு அடைச்சிட்டீங்க. எல்லாத்தையும் கொத்தி எடுத்தா சுவர் பிழைச்சிக்கும், வீட்டைக் காலிபண்ண வேணாம்."

"அப்ப அவ பைப்பு?"

"அந்தப் பக்கம் பைப்பே இல்லைக்கா. வந்து பாருங்க."

நம்பாமத்தான் போனேன். லைலா கடையில அதே சுவர் நெஞ்சு உயரத்துக்கு நனைஞ்சு கறுத்திருந்திச்சு. அலமாரியெல்லாம் தள்ளி வச்சிருந்தா. பூஞ்சணம் பிடிச்ச சேலைக்கட்டு மூலையில கிடந்திச்சு. என் பக்கம் அடைச்ச தண்ணி வேற எங்க போகும்?

"உங்க வீட்டுப் பைப்பு ஒழுகுதான்னு கேக்கத்தான்கா ரெண்டு தடவை வந்தேன்," ன்னு சொன்னா லைலா. "நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க. சண்டையாயிடுமோன்னு திரும்பிட்டேன்."

வெட்கத்தில தலையைக் குனிஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்.

நாளைக்குச் சாயத்தைச் சுரண்ட ஆள் வருது. சுவர் காய ஒரு வருஷமாவது ஆகுமாம். இந்தத் தீபாவளிக்குச் சாயம் கிடையாது. பலகாரம் மட்டும் சுட்டு நானே கொண்டுபோய்க் குடுக்கணும். அவ வாங்குவாளான்னுதான் தெரியலை.