நான்கு சென்டிமீட்டர் குறைந்த தொலைநோக்கி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. அக்கா போன் செய்தாள். "ரம்பம் இருந்தா எடுத்துட்டு வா. டெலஸ்கோப்பை அறுக்கணும்" என்றாள். எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல முதல் வரி கிடைக்குமா? ஆனாலும் புத்தி கேட்கவில்லை. நான் முதலில் எழுதிய தொடக்கம் இது:

எல்லையற்ற வானத்தின் கீழே அந்தப் பெண் தன்னந்தனியாக நின்று

(நிறுத்திவிட்டேன். மொட்டைமாடியில் அக்கா நிற்கவில்லை, மண்டியிட்டிருந்தாள். தனியாகவும் இல்லை, மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருந்தார்.)

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அக்கா பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறாள். அவள் கணவர், அதாவது என் மாமா, தையல்காரர். ஏழு மாதமாகக் கத்தரிக்கோலைத் தொடவில்லை. பார்வையில் நடுப்பகுதி மட்டும் போய்விட்டது. நேராகப் பார்த்தால் புகை. ஓரக்கண்ணால் பார்த்தால் பெரிய உருவங்கள் தெரியும், அவ்வளவுதான்.

அக்கா வாங்கிய தொலைநோக்கி ஆள் உயரம். தடித்த அட்டைக் குழாய். அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி. வானத்து வெளிச்சத்தை அது வாங்கி மேலே திருப்பி அனுப்பும். மேலே பக்கவாட்டில் உள்ள துளையில் கண்ணை வைக்க வேண்டும். மாமா வைத்தார். நிலா நடுவில் இருந்தது. நடுவில்தான் அவருக்கு ஒன்றும் தெரியாதே.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. நிலாவைப் படம் எடுத்து டிவி நிறையப் போட்டால் ஓரக்கண்ணுக்காவது சிக்கும் என்று மறுநாளே கேமரா வாங்கிவிட்டாள்.

3

மூன்று மாலைகள் படம் வெறும் மாவு உருண்டையாக வந்தது. கேமராவில் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டாள். கோளாறு கேமராவில் இல்லை. கண்ணாடி அனுப்புகிற வெளிச்சம் கேமராவை எட்டுவதற்கு முன்பே ஒரு புள்ளியில் கூடிவிடுகிறது. நான்கு சென்டிமீட்டர் பற்றவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலரும் இங்கேதான் திருதிருவென்று முழிப்பார்கள்.*

* நானும் முழித்தேன். கேமராவை இன்னும் கொஞ்சம் உள்ளே அமுக்க முடியாதா என்று கேட்டு அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வழி சொன்னவர் மாமா. "பேன்ட் நீளமா இருந்தா காலையா இழுத்து நீட்டுவீங்க? கீழ வெட்டுங்க. அடிக்கண்ணாடி நாலு சென்டிமீட்டர் மேல ஏறினா வெளிச்சமும் அவ்வளவு வெளிய வந்துடும்."

4

அறுத்ததை ஒட்ட முடியாது. கோணலாக அறுத்தால் கண்ணாடியும் கோணலாக உட்காரும். நியாயமாக அக்காதான் அறுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகாமல் பல் இழைப்பவள். ரம்பத்தை நீட்டினேன். அவள் அதை வாங்கி மாமாவிடம் கொடுத்தாள்.

இங்கே எனக்கு அக்கா என்கிற பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு கறாரான ஒருத்தி இப்படிச் செய்வாளா? அவளே அறுப்பதுபோல மாற்றி எழுதிக் காட்டினேன். பேப்பரை என் மடியிலேயே போட்டாள்.

"நடந்ததை எழுதுடா."

"கோணிப்போயிருந்தா?"

"கோணிப்போனா வேற குழாய் வாங்கிக்கலாம். அன்னிக்கு அவர் கையில கொடுக்காம இருந்திருந்தா, அதுக்கு என்னத்தை வாங்கிக் கொடுக்கிறது?"

ஆகவே நடந்தது இதுதான். அக்கா அடிக்கண்ணாடியைக் கழற்றி வைத்ததும், இடுப்பளவு எடுப்பதுபோல மாமா இஞ்ச் டேப்பைக் குழாயைச் சுற்றி இறுக்கி ஒட்டினார். டேப்பின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் தடவிக்கொண்டே அறுத்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. நாற்பது நிமிடம். வெட்டு நேராக விழுந்தது. ஒரே ஓர் இடத்தில் சின்ன ஏற்றம்; அதைக் கண்ணாடிக்கு அடியிலுள்ள திருகுகளால் அக்கா சரிக்கட்டிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

5

முடிவு ஒன்று: படம் தெளிவாக வருகிறது, மாமா கண் கலங்குகிறார். (கலங்குகிற ஆளில்லை.)

முடிவு இரண்டு: மேகம் வந்து மூடிவிடுகிறது. (சோம்பேறி எழுத்தாளனின் வேலை.)

படம் தெளிவாகவே வந்தது. பொழுது சாய்ந்ததும் எடுத்த பாதி நிலா, கூடத்து டிவி நிறைய. மாமா திரைக்குப் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு ஓரத்துல நூல் பிரிஞ்சிருக்கே" என்றார்.

வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற ஓரம் அப்படித்தான், மேடும் பள்ளமுமாய்ப் பிசிறடித்துக் கிடக்கும். ஆனால் அதை அக்கா அவரிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். பார்த்துச் சொன்னாரா, அவள் மனம் நோகக் கூடாதென்று சொன்னாரா?

அக்காவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். "எந்தப் பக்கம்?" என்றாள்.

தொலைநோக்கி படத்தை மேல்கீழாக, இடவலமாகப் புரட்டிப்போட்டுவிடும். வானத்து நிலாவை மனதில் வைத்துச் சொன்னால் மாட்டிக்கொள்வார். மாமா கையைத் தூக்கினார். விரல் திரையை நோக்கிப் போனது.

அது எங்கே பட்டது என்று நான் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே தெரிந்ததை எழுதினால் முடிவைச் சொன்னதாகிவிடும், சொல்லமாட்டேன். விரலை நீங்களே வையுங்கள். சீக்கிரம், அக்கா காத்துக்கொண்டிருக்கிறாள்.