உதடு சொன்ன வசனம்

பாசடேனா கொட்டகையின் முன்னோட்டக் காட்சியில் மூன்றாவது வரிசை மட்டும் சிரித்தது. சிரிக்க வேண்டிய இடம் அதுவல்ல. பெரிய கம்பெனி ஒன்றின் ராஜா ராணிக் காதல் படத்தைக் கேலி செய்து நாங்கள் எடுத்த படம். தகர வாளியைத் தலைக்கவசமாகக் கவிழ்த்துக்கொண்டு எங்கள் கோமாளி நடிகன் டோலன் இளவரசி முன் மண்டியிடுகிறான். வாளி இன்னும் விழவில்லை. திரையில் வந்தது நான் எழுதிய வசன அட்டை: "தேவி, உன் கண்களில் மூழ்கிவிட்டேன்." அதற்கெல்லாம் சிரிக்க ஆளிருந்தால் என் சம்பளம் எப்போதோ ஏறியிருக்கும்.

பக்கத்திலிருந்த டோலன் என் தொடையைக் கிள்ளினான். "ஆபி, அந்த வரிசையப் பாரு. யாரும் வாயால பேசல. கையால பேசுறாங்க."

ஊமைப்படத்தில் வாய் எதையும் சொல்லலாம், அட்டை சொல்வதுதான் செல்லும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். காது கேளாதவர்களும் டிக்கெட் வாங்குவார்கள், உதட்டசைவைப் படிப்பார்கள் என்று எங்களில் எவனும் யோசிக்கவில்லை.

"அன்னிக்கு கேமரா முன்னாடி என்னடா சொன்ன?"

"கிராண்ட்ஸ் கிழவன், பொணத்து மேல இருக்கிற கோட்டக்கூட உருவி எனக்கு வாடகைக்கு விடுவான்னு. இன்னும் இருக்கு. அவன் பொண்டாட்டியப் பத்தி."

கிராண்ட்ஸ் எங்கள் முதலாளி. மறுநாள் டோலனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியவர். இல்லையென்றால் அவனுக்கு மறுபடி சர்க்கஸ் கூடாரம்தான், பிள்ளைத்தாய்ச்சி மனைவியோடு.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. கிராண்ட்ஸ் துணிக்கடையிலிருந்து படத்துக்கு வந்தவர். என் அப்பாவைப் போலவே, வந்தவன் எந்தத் துணியைத் தொட்டான் என்பதை மறக்காத சாதி. எழுந்து நேராக அந்த வரிசைக்குப் போனார். பின்னாலேயே நாங்களும். சாம்பல்நிறத் தொப்பிக்காரி ஒருத்தி கிளம்புவதற்காக உட்கார்ந்தபடியே கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லாச் சிரிச்சீங்கம்மா. அந்த எடத்துல எதுக்குன்னு தெரிஞ்சா புண்ணியமாப் போகும்."

பக்கத்திலிருந்த அவளுடைய காது கேட்கும் தங்கை அதைக் கையசைத்து அவளிடம் கேட்டாள். "அவரு பேசினது அக்காவுக்கு வரிக்கு வரி தெரியுமாம். சொல்றதுக்கு முன்னாடி, நீங்க யாருன்னு கேக்குறா."

"நானா? டிக்கெட் கிழிக்கிறவன்."

தொப்பிக்காரி சிரித்தாள். அப்போதுதான் அவர் தோளுக்குப் பின்னால் டோலனைக் கண்டாள். அவன் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன, வெகுநேரம் அசைந்தன. இத்தனை வருஷம் அந்த வாய்க்கு அட்டை எழுதியவன் நான், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவள் சிரிப்பு நின்றது.

"ம்?" என்றார் கிராண்ட்ஸ், திரும்பாமலே.

அவள் கையுறையை விரல் விரலாகக் கழற்றி மடியில் வைத்தாள். பதில் சொல்ல இரண்டு கைகளும் மெல்ல மேலெழுந்தன.